வாயில் அடைகாக்கும் கடல் மீன்கள்: வீட்டுத் தொட்டியில் எதிலிருந்து குஞ்சு எடுப்பது?

கடல்நீர்த் தொட்டியை ஒன்றிரண்டு வருடம் நன்றாக ஓட்டியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் குஞ்சு எடுப்பதுதான். அந்த ஆசையோடு விசாரித்தால் முதலில் கிடைக்கும் யோசனை: "வாயில் அடைகாக்கும் மீனாக வாங்கு, மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்." இது பாதிதான் சரி. முட்டையை அது பார்த்துக்கொள்ளும். அடிக்கடி புரட்டிக் காற்றோட்டம் கொடுக்கும், பூஞ்சை பிடிக்க விடாது, மற்ற மீன்களுக்கு இரையாகாமல் காக்கும். ஆனால் அந்தக் குஞ்சை எந்த நிலையில் வெளியே விடுகிறது என்பதில் மீனுக்கு மீன் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மீன், அன்றைக்கே இரை துரத்திப் பிடிக்கும் முழுக் குஞ்சை விடும். இன்னொன்று, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, உடல் ஊடுருவித் தெரிகிற லார்வாக்களை (முழு மீன் உருவம் வராத இளம் பருவம்) நூற்றுக்கணக்கில் இரவில் துப்பிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நன்னீரில் ஜிலேபி கெண்டை வளர்த்தவர்களுக்கு வாயில் அடைகாப்பது புதிதல்ல. அங்கே அது தாயின் வேலை. கடலில் பெரும்பாலும் ஆண்தான் முட்டையை வாயில் வாங்கிக்கொள்கிறது. கடல் கெளுத்திகளில் ஆண் மீன் கோலிக்குண்டு அளவு முட்டைகளைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அது வீட்டுத் தொட்டிக்கு ஆகாத மீன், விட்டுவிடுவோம். நடைமுறையில் நம் முன்னால் இருப்பவை மூன்று: பங்காய் கார்டினல், பைஜாமா கார்டினல், மஞ்சள்தலை ஜாஃபிஷ். அசெஸர் என்று நான்காவது ஒன்றும் உண்டு, அதைப் பின்னால் தொட்டுச் செல்கிறேன்.

மீனின் அழகையோ, அது எவ்வளவு சுலபமாக முட்டையிடும் என்பதையோ வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டே கேள்விகள் போதும். முட்டை எத்தனை நாள் வாயில் இருக்கும்? வெளியே வந்த குஞ்சின் வாய்க்குள் எந்த இரை நுழையும்? நீங்கள் செய்யப்போகிற வேலை முழுவதையும் இந்த இரண்டு பதில்களும்தான் தீர்மானிக்கின்றன.

பங்காய் கார்டினல்

இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகள் இதன் பூர்வீகம். கறுப்புப் பட்டைகளும் வெள்ளைப் புள்ளிகளும் நீண்ட துடுப்புகளுமாக, சுமார் 8 செ.மீ. வளரும். 1920-இல் வால்டர் காடர்ன் என்பவர் சேகரித்த மாதிரிகளை வைத்து 1933-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் நடுவில் மீனியல் அறிஞர் ஜெரால்டு ஆலன் இதைப் பற்றி மீண்டும் எழுதிய பிறகுதான் தொட்டிக்காரர்கள் கண்ணில் பட்டது. அப்புறம் நடந்தது வேட்டை. 2007-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.யு.சி.என். இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பெரும்பாலான கடல் மீன்களின் லார்வாக்கள் நீரோட்டத்தில் மிதந்து வேறு பாறைகளுக்குப் போய்க் குடியேறும். பங்காய்க்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. ஆண் மீன் முட்டையைச் சுமார் 20 நாள் வாயில் வைத்திருக்கும். பொரித்த பிறகும் விடாமல் இன்னும் ஒரு வாரம் பத்து நாள் வைத்துக்கொண்டு, மஞ்சள் கரு தீர்ந்த குட்டி மீன்களாகத்தான் வெளியே விடும். பிறந்த இடத்தைவிட்டு அவை அதிக தூரம் போவதில்லை. அதனால் ஒரு தீவின் ஓரத்தில் உள்ள கூட்டத்தைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறெங்கிருந்தும் மீன் வராது. கடலில் இந்த மீனுக்குச் சாபமாக இருக்கும் அதே குணம்தான் வீட்டுத் தொட்டியில் நமக்கு வரம்.

எண்ணிக்கையிலும் இது தெரியும். முட்டை ஒவ்வொன்றும் 3 மி.மீ. வரை இருக்கும். கார்டினல் குடும்பத்திலேயே இது பெரிய அளவு. ஒரு தடவைக்கு 40, 50 முட்டைகள், சில சமயம் கூடுதலாக. வெளியே வரும் குஞ்சு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பெற்றோரின் பட்டைகளும் துடுப்பும் அப்போதே தெரியும். வெளிவந்த அன்றே, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சின்ன உயிரி) தின்னும். ஆர்ட்டீமியா பொரிக்க ஒரு நாள் போதும், உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமோ கிட்டத்தட்ட ஒரு மாதம். முட்டை வாய்க்குள் போன பிறகு ஏற்பாடுகளைத் தொடங்கினால்கூடத் தாராளமாக முடிக்கலாம். வேறு எந்தக் கடல் மீனிலும் இந்த வசதி சுலபத்தில் கிடைக்காது.

அப்படியானால் இது சுலபமான மீனா? குஞ்சு வளர்ப்பதில் ஆம். ஜோடி சேர்ப்பதில் இல்லை. தலைவலி எல்லாம் அங்கேதான்.

ஆண், பெண் அடையாளம் வெளியில் தெரியாது. தாடை அகலம், முதுகுத் துடுப்பின் நீளம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், எதையும் நம்பிப் பணம் போட முடியாது. கடையில் கூட்டமாக அமைதியாக நிற்கும் மீன்கள் வளர்ந்து ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை மூலையில் தள்ளிக் கடித்தே கொன்றுவிடும். நம்பகமான வழி, ஐந்தாறு சின்ன மீன்களைச் சேர்த்து வளர்த்து, இரண்டு மீன்கள் ஒரே இடத்தில் ஒட்டி நின்று மற்றவற்றை விரட்டத் தொடங்கியதும் மிச்சத்தை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுவது. 'உடனே' என்பதற்கு அழுத்தம் கொடுக்கிறேன். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மீன் இருக்காது.

இரண்டாவது விஷயம் ஆணின் உடம்பு. அடைகாக்கும் நாட்களில் அது எதுவும் தின்னாது. தாடை கனத்துத் தொங்க, ஒதுங்கி நிற்கும். குஞ்சுகளை விட்ட சில நாட்களிலேயே பெண் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். பெண் நன்றாகத் தின்று கொழுத்து, ஆண் மேலும் மேலும் மெலிந்து போவது அடிக்கடி பார்க்கும் காட்சி. ஒவ்வொரு அடைக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரமாவது தடுப்புப் போட்டுப் பிரித்து, ஆணுக்கு நன்றாகத் தீனி கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு அடைகளை இளம் ஆண்கள் விழுங்கிவிடுவது சகஜம். அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம், ஜோடியைக் கலைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, மீன் எங்கே பிறந்தது என்பது. கடலில் பிடித்து வரும் பங்காய்களில் ஒரு வகை இரிடோ வைரஸ் பரவியிருக்கிறது. சோர்ந்து, நிறம் மங்கி, தீனி மறுத்துச் சில நாட்களில் செத்துப்போகும். மருந்து கிடையாது. தொட்டியில் பிறந்த மீனை வாங்குவது அழிந்துவரும் இனத்துக்குச் செய்யும் நல்லது என்பது ஒரு புறம் இருக்கட்டும், உங்கள் சொந்த நலனுக்கே அதுதான் புத்திசாலித்தனம். அப்படியே வாங்கினாலும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

பைஜாமா கார்டினல்

மஞ்சள் முகம், சிவந்த கண், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, பின்பாதியில் சிவப்புப் புள்ளிகள். மேற்குப் பசிபிக் மீன். இதன் குணம் தங்கம். கூட்டமாக வைத்தால் சண்டை மிகக் குறைவு, யார் ஆண் யார் பெண் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நல்ல தீனி கொடுத்தால் தானே ஜோடி சேர்ந்து தானே முட்டையிடும். இதை வளர்க்கும் பலர், வாய் புடைத்து நிற்கும் ஆணைத் தற்செயலாகப் பார்த்துத்தான் தங்கள் தொட்டியில் இனப்பெருக்கம் நடப்பதையே தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கேதான் தவறான முடிவு எடுக்கப்படுகிறது. சுலபமாக முட்டையிடுகிறது, ஆகவே சுலபமாகக் குஞ்சு எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பைஜாமா ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரைதான் அடைகாக்கும். முட்டைகள் மிகச் சிறியவை, எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் அல்லது அதற்கும் மேல். வெளியே வருபவை சில மி.மீ. நீளமுள்ள லார்வாக்கள். ஆர்ட்டீமியா அவற்றின் வாய்க்குள் நுழையாது. ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, அதிலும் சின்ன ரகம், கூடவே கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலியின் குஞ்சுகள் என்று கொடுத்து மூன்று நான்கு வாரம் மிதக்கும் பருவத்தைத் தாண்டவைக்க வேண்டும். அதில் ஒரு நாள் இரை குறைந்தாலும் மறுநாள் தொட்டி காலியாக இருக்கும்.

நூல் துடுப்புக் கார்டினல், கோடு போட்ட சின்னக் கார்டினல்கள் என்று கடையில் கிடைக்கும் மற்ற கார்டினல்களையும் இந்தப் பட்டியலில்தான் வைக்க வேண்டும். கார்டினல் குடும்பத்தில் பங்காய்தான் விதிவிலக்கு. பங்காயில் வெற்றி பெற்ற தெம்பில், 'இதுவும் கார்டினல்தானே' என்று பைஜாமாவுக்குத் தாவுபவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். குடும்பம் ஒன்று என்பதைத் தவிர, வேலையில் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை.

மஞ்சள்தலை ஜாஃபிஷ்

ஃபுளோரிடா, பஹாமாஸ், கரீபியன் கடல்களின் மணல் தரையில் குழி தோண்டி, குழிக்கு மேல் செங்குத்தாக நின்றுகொண்டு மிதந்து வரும் இரையைப் பிடிக்கும் மீன் இது. வெளிர் நீல உடல், மஞ்சள் தலை, 10 செ.மீ. அளவு. ஆண் முட்டை உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு குழி வாசலில் நின்று, அவ்வப்போது வாயைத் திறந்து உருண்டையை வெளியே தள்ளி உள்ளே இழுத்துப் புரட்டும். மீன் தொட்டியில் பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் இதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. ஒரு வாரம், ஒன்பது நாள் அளவில் பொரித்துவிடும்.

லார்வாதான் இங்கும். ஆனால் சுமார் 4 மி.மீ. இருக்கும், கண் முழுதாக வளர்ந்திருக்கும், பொரித்த உடனே ரோட்டிஃபரைத் தேடிப் பிடிக்கும். சில நாட்களிலேயே ஆர்ட்டீமியாவுக்கு மாறிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் தரையில் இறங்கிக் குழி தேடத் தொடங்கும். மிதக்கும் பருவம் உள்ள மீன்களில் இது கொஞ்சம் கருணை காட்டும் ரகம். அதனால்தான் பங்காய்க்கு அடுத்த படியாக நான் சொல்வது ஜாஃபிஷை, பைஜாமாவை அல்ல. பைஜாமா முட்டையிட வைப்பதில் மிச்சமாகும் உழைப்பை லார்வா வளர்ப்பில் இரட்டிப்பாக வாங்கிக்கொள்ளும். ஜாஃபிஷ் உழைப்பை முன்னாலேயே கேட்கும்.

அந்த முன்கூட்டிய உழைப்பு என்ன? தரை. 12, 15 செ.மீ. ஆழத்துக்கு மணல், அதுவும் வெறும் மணல் போட்டால் குழி சரியும். சிப்பி ஓடு, உடைந்த பவளத் துண்டு, கூழாங்கல் என்று பல அளவில் கலந்திருக்க வேண்டும். அதைத் தானே அடுக்கிக் குழிக்குச் சுவர் கட்டிக்கொள்ளும். தொட்டிக்கு மூடி கட்டாயம். பயந்தால் மேலே பாயும், கம்பி செல்ல விட்ட சின்ன இடைவெளி போதும், காலையில் தரையில் கிடக்கும். முரட்டு மீன்கள் கூடவே இருந்தால் குழியைவிட்டு வெளியே வராது, முட்டையும் இடாது. சுருக்கமாகச் சொன்னால் இதற்கென்றே ஒரு தொட்டி ஒதுக்க வேண்டும். நீலப்புள்ளி ஜாஃபிஷ் இதைவிட அழகு. ஆனால் அது கலிஃபோர்னியா வளைகுடா மீன், சற்றுக் குளிர்ந்த நீர் கேட்கும். சாதாரண பவளத் தொட்டியின் சூட்டில் வைத்துக் குஞ்சு எதிர்பார்ப்பது வீண்.

அசெஸர் பற்றி இரண்டு வரி. குகைக் கூரையில் தலைகீழாக நீந்தும் சின்ன மீன், நீலத்திலும் மஞ்சளிலும் உண்டு. ஆண் இரண்டு வாரத்துக்கு மேல் அடைகாக்கும். வணிகப் பண்ணைகள் குஞ்சு எடுத்திருக்கின்றன. வீட்டில் முயல்வது முன் சொன்ன மூன்றில் இரண்டையாவது கரை சேர்த்தவர்களுக்கான வேலை.

குஞ்சை எங்கே, எப்படி எடுப்பது

மீனைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முடிவு, குஞ்சு வெளிவரும்போது அது எங்கே இருக்க வேண்டும் என்பது.

ஒன்றும் செய்யாமல் பெரிய தொட்டியிலேயே விட்டுவிடுவது முதல் வழி. பங்காய் என்றால் இதில் ஒன்றிரண்டு தப்பிக்கும். கடலில் இதன் குஞ்சுகள் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளின் முட்களுக்கு நடுவில்தான் ஒளிந்து வாழும். தொட்டியிலும் அப்படி ஒரு முள்ளெலி இருந்தால் நேராக அதற்குள் போய்விடும். ஆனால் பெற்றோரே குஞ்சைத் தின்னும் இனம் இது. தப்பியவற்றுக்கும் போதிய இரை கிடைக்காது. பைஜாமாவும் ஜாஃபிஷும் என்றால் இந்த வழியில் கிடைப்பது பூஜ்யம். பம்ப், நுரையால் கழிவை நீக்கும் ஸ்கிம்மர், பவளங்களின் வாய் என்று விடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆணைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது இரண்டாவது வழி. பங்காய்க்கு நான் சொல்வது இதைத்தான். எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வாரத்தில் தொந்தரவு செய்தால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். மூன்று வாரம் ஆனபின் மாற்றினால் பெரும்பாலும் விடாது. முட்டை வாங்கிய தேதியைக் குறித்து வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். வலை வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, ஒளி ஊடுருவும் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். சேரும் தொட்டியில் அதே உப்பளவு, அதே சூடு. 40 லிட்டர் போதும், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர், மறைவுக்கு ஒரு குழாய்த் துண்டு. கடல் முள்ளெலிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பந்தில் துளையிட்டுக் கேபிள் டைகளைச் செருகிப் போட்டால் குஞ்சுகள் அதையே நிஜம் என்று நம்பி ஒண்டிக்கொள்ளும். எல்லாக் குஞ்சையும் விட்டதும் ஆணைத் திரும்ப எடுத்துவிடுங்கள், பசியோடு இருக்கும் தந்தையை நம்பக் கூடாது.

வாயைத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுப்பது மூன்றாவது. மீனைத் தண்ணீருக்குள்ளேயே மென்மையான வலையில் பிடித்து, மழுங்கிய குச்சியால் கீழ்த்தாடையை மெல்லத் தள்ளினால் துப்பிவிடும். பண்ணைகளில் நேரம் மிச்சம் பிடிக்க இதைச் செய்வார்கள். வீட்டில் இதற்கு அவசியம் அபூர்வம். தாடையில் அடிபட்டால் அந்த ஆண் அதன்பின் உருப்படாது. கடைசி நாட்களில் குஞ்சை விழுங்கும் பழக்கம் உள்ள ஆண் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் மஞ்சள் கரு தீரும் வரை குஞ்சுகளை மெதுவாகச் சுழலும் நீரில் வைத்திருக்கும் ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

மிதக்கும் லார்வா விடும் மீன்களுக்கு வேறு வழி வேண்டும். ஜாஃபிஷை குழியிலிருந்து தோண்டி எடுக்க முடியாது, எடுத்தால் முட்டையை விட்டுவிடும். பைஜாமாவைக் கூட்டத்திலிருந்து பிடிப்பதும் எல்லாவற்றையும் கலைத்துவிடும். இரண்டும் இருட்டிய பிறகு குஞ்சு விடுபவை, லார்வாக்களுக்கு ஒளியை நோக்கிப் போகும் இயல்பு உண்டு. அதனால் விடப்போகும் இரவுகளில் பம்புகளை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் சின்ன டார்ச் வைத்தால் அங்கே மேலே கூடும். ஜாடியால் தண்ணீரோடு மொண்டு எடுக்கலாம். மெல்லிய வலைகூட அவற்றைக் கிழித்துவிடும், ஆகவே காற்றில் தூக்கவே கூடாது. இரவில் விழித்திருக்க முடியாதவர்கள், மேல்நீர் மெதுவாக வழிந்து சேரும் பொறி ஒன்றைத் தொட்டி ஓரத்தில் பொருத்துகிறார்கள். அதற்குள் ஒரு சின்ன விளக்கும், பக்கங்களில் நுண்வலையும் இருக்கும். காலையில் பார்த்தால் லார்வாக்கள் அதற்குள் இருக்கும். பைஜாமாவுக்கு நான் இந்தப் பொறியைத்தான் சிபாரிசு செய்வேன். எந்த இரவு என்று உறுதியாகச் சொல்ல முடியாத மீனுக்காக எத்தனை இரவு டார்ச் பிடிப்பது?

லார்வாக்கள் போகும் தொட்டி வட்டமாகவும் பக்கங்கள் கறுப்பாகவும் இருப்பது நல்லது. கண்ணாடித் தொட்டியில் சுவரில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி மோதிக்கொண்டே இருந்து இரை தின்ன மறந்துவிடும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் சேர விடாதீர்கள், அதில் ஒட்டிக்கொண்டே ஏராளமானவை சாகும். ஏர்ஸ்டோன் வேண்டாம், குழாய் முனையிலிருந்து நொடிக்கு ஒன்றிரண்டு குமிழ் வந்தால் போதும்.

இரை

பங்காய்க்கு வேலை குறைவு. ஆர்ட்டீமியா முட்டையை உப்புநீரில் போட்டுக் காற்று விட்டால் 18 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பொரிக்கும். முட்டை ஓட்டை நன்றாகப் பிரித்துவிட வேண்டும், குஞ்சு தின்றால் குடலில் அடைக்கும். இதில் பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. வெறும் ஆர்ட்டீமியாவை மட்டும் கொடுத்து வளர்க்கும் குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு நாள் விளக்கைப் போட்டதும் திடீரெனச் சுழன்று விறைத்துச் செத்துப்போகும். ஏதோ நோய் என்று மருந்து ஊற்றுவார்கள். காரணம் உணவில் டி.எச்.ஏ. போன்ற கொழுப்பு அமிலங்கள் இல்லாதது. ஆர்ட்டீமியாவில் அது மிகக் குறைவு. பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு முதல் அரை நாள் வரை வாயும் குடலும் திறந்திருக்காது, அப்போது எதைக் கலந்தாலும் பயனில்லை. அதன் பிறகு இந்தக் கொழுப்பு அமிலங்கள் உள்ள ஊட்டக் கரைசலில் 12 மணி நேரமாவது வைத்திருந்து கழுவிக் கொடுக்க வேண்டும். விளக்கையும் சட்டென்று போடாமல், அறை வெளிச்சம் வந்தபின் போடுங்கள்.

ரோட்டிஃபர் வேறு உலகம். 0.1 முதல் 0.3 மி.மீ. அளவுள்ள இந்த உயிரியை வாங்கி வைத்து எடுத்துக் கொடுக்க முடியாது, உயிரோடு வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 லிட்டர் வாளி, ஒரு காற்றுக் குழாய், நானோகுளோரோப்சிஸ் பாசிப் பசை, தினமும் நான்கில் ஒரு பங்கு அறுவடை. வேலை பெரிதல்ல, விடுமுறைதான் கிடையாது. ஒரு வாளியில் இருப்பவை திடீரென ஒரே இரவில் மொத்தமாகச் செத்துப்போகும், அதனால் எப்போதும் இரண்டு வாளி, தனித்தனிக் கரண்டி, தனித்தனி வடிகட்டி. நானோகுளோரோப்சிஸில் டி.எச்.ஏ. கிட்டத்தட்ட இல்லை. லார்வாவுக்குக் கொடுக்கும் முன் ஐசோகிரைசிஸ் பாசியோ ஊட்டக் கரைசலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். லார்வாத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் எப்போதும் இருக்கும்படி பார்க்க வேண்டும். சின்ன லென்ஸ் வைத்து எண்ணிப் பழகுங்கள், கண்ணளவு ஏமாற்றும்.

கோப்பிபாட் குஞ்சுகள் இன்னும் சின்னவை, சில ரகங்கள் 0.1 மி.மீ.க்கும் கீழே. சத்தும் அதிகம். ஆனால் உயிருள்ள பாசியைத் தனியாக வளர்த்தால்தான் அவை பிழைக்கும், ரோட்டிஃபர் போலப் பெருகவும் பெருகாது. பைஜாமாவில் சில மீன்களையாவது கரை சேர்க்க வேண்டும் என்றால் முதல் வாரத்துக்கு இது கைவசம் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆக, யாருக்கு எது

வேலைக்குப் போய் வருபவர், காலையில் அரை மணி, மாலையில் அரை மணிதான் ஒதுக்க முடியும் என்றால் பங்காயைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். பாசி, ரோட்டிஃபர் எதுவும் வேண்டாம். சில நாள் ஊருக்குப் போனாலும் தாங்கும், குஞ்சு வெளிவரும் வாரத்தில் மட்டும் வீட்டில் இருந்தால் சரி. ஒரு அடைக்கு 30 குஞ்சு தேறினாலே நான்கு மாதத்தில் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று தவிக்க ஆரம்பிப்பீர்கள். வாங்குவோரை முன்கூட்டியே பேசி வையுங்கள், வளர்ந்த பங்காய்கள் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று விட்டுவைக்காது.

ரோட்டிஃபர் வாளியை மூன்று நான்கு மாதம் செத்துப்போக விடாமல் ஓட்டிக் காட்டியவருக்கு ஜாஃபிஷ் தொட்டி கட்டலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வாளி, பிறகு மீன். ஒரு வாரத்தில் பொரிக்கும் மீனை வைத்துக்கொண்டு, முட்டையைப் பார்த்த அன்று ரோட்டிஃபர் தேட ஓடினால் நேரம் போதாது.

ஏற்கெனவே பைஜாமா கூட்டம் வைத்திருப்பவர்கள் அதை வைத்துப் பழகிக்கொள்ளலாம். அடிக்கடி முட்டையிடும் மீன் என்பதால் லார்வா பிடிக்கவும் பொறி செய்யவும் கை பழகும். குஞ்சு தேறும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் தள்ளிவையுங்கள். லார்வா வளர்ப்பு கற்றுக்கொள்வதுதான் நோக்கம், வாயில் அடைகாப்பது முக்கியமல்ல என்பவர்களுக்கு நேர்மையான பதில், கோமாளி மீன். அது பாறையில் முட்டையிடும், ஆறிலிருந்து பத்து நாளில் பொரிக்கும், குஞ்சு முதல் நாளே ரோட்டிஃபர் தின்று, இரண்டு வாரத்துக்குள் கோடு போட ஆரம்பித்துவிடும். பைஜாமாவைவிட எல்லா வகையிலும் தேவலை. வாயில் அடைகாத்தாலே சுலபம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சரியான மறுப்பு கிடையாது.

பங்காயோடு தொடங்குபவர்கள் வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று பாக்கி. ஒரே கடையில் ஒரே நாளில் நிற்கும் ஆறு சின்ன மீன்களும் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்து வந்த உடன்பிறப்புகள். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று மூன்றாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் வாங்குங்கள். அளவு வித்தியாசம் இருந்தால் பெரியது மற்றவற்றைத் தீனிக்கே விடாது. எந்த மீன் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொரு மீனுக்கும் வேறு வேறாக இருக்கும்.